கமராவுக்குக் கால் பார்த்த கதை

"என்ன கமரா வைச்சிருக்கிறியள்?" என்று படம் பிடிக்கிறவர்களிடம் கேட்காத ஆளில்லை; அந்தக் கமரா எதன் மேல் நிற்கிறது என்று கேட்கிற ஆளை இந்தத் தொழிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

உடுவிலில் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். முன்னறையில் தேவி அக்கா கலியாணப் பொம்பிளைகளைச் சோடித்து வெளிக்கிடுத்துகிறா. பின்னறையில் நான் படம் எடுக்கிறேன். இடம் ஆளுக்குப் பாதி, வாய் மட்டும் முழுக்க அவவுடையது. என் கணவர் யோகன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். பின்னேரங்களில் என் சாமான் தூக்குகிறவர்.

ஆசைப்பட்டு ஒரு பெரிய சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு அதை எங்கே வைப்பது, எதில் வைப்பது என்று அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பிரிட்ஜ் வாங்கிவிட்டுக் கதவுநிலையைக் கழற்றியவர்கள், கட்டிலைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டு அதன் மேலேயே இருந்து யோசித்தவர்கள், எல்லாரும் என் இனம். கமராவுக்கு ஆடாத கால் தேடி நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும்.

தலைவணக்கம்

சுவிசில் இருக்கிற என் மச்சாளின் வீட்டுக்குக் கீழே ஒரு வயதான வெள்ளைக்காரர் ஸ்ரூடியோ வைத்திருந்தாராம். கடையைப் பூட்டும்போது தன் பழைய பெரிய கமராவை விற்க மனமில்லாமல், பாவிக்கிற ஆருக்காவது கொடுக்கவேணும் என்றிருக்கிறார். மச்சாள் என் பெயரைச் சொல்லிவிட்டா. சேலைகளுக்கும் சொக்கிலேட்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. மரமும் பித்தளையும், நடுவில் கறுத்தத் துருத்தி. தேவி அக்கா சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "உது ஆர்மோனியமோ?" என்று கேட்டா.

இந்தக் கமராவில் பிலிம் சுருளாக வராது. உள்ளங்கையை விரித்த அளவில் ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு படம். பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்க்கக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கவேணும். கண் சிமிட்டுகிற நேரத்தில் எடுத்து முடிக்கிற வேலையில்லை. நிழலான இடமென்றால் ஒரு செக்கன், இரண்டு செக்கன் கூடத் திறந்திருக்கும். அந்த நேரம் கமரா மயிரளவு அசைந்தாலும் தாள் குப்பைக்குத்தான். தாளோ இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து ஆராவது ஊருக்கு வந்தால்தான். எல்லாம் சரியாக வந்துவிட்டாலோ, சுவரளவு பெரிதாக்கினாலும் முகத்தில் ஒரு மரு தப்பாது.

கமரா வந்தது, கால் வரவில்லை. கலியாண வீட்டில் வீடியோ எடுக்கப் பாவிக்கிற ஸ்ராண்ட் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஏற்றி இறுக்கினேன். முதல் வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேட்டதால் பெரிய படம் எடுக்க வந்தவர், நெஞ்சை நிமிர்த்திக் கதிரையில் இருந்தார். நான் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் அவருடைய முகம் இல்லை, சேட்டுப் பொத்தான் தெரிகிறது. தலைகீழ் உருவத்தில் மேல்கீழ் குழம்பி, "சேர், கொஞ்சம் நிமிருங்கோ," என்றேன். நிமிர்ந்தார். இப்போது இடுப்புப் பட்டி தெரிந்தது. இன்னொருமுறை கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பாத குறையாக நிமிர, கண்ணாடியில் முழங்கால் வந்து நின்றது. பிறகு, வகுப்பில் பிழை பிடித்த பழக்கத்தில் மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளை, நான் நிமிர்ந்துதான் இருக்கிறன். உன்ரை கமராதான் எனக்குத் தலைவணங்கிக்கொண்டு வருது."

இரண்டு மூக்கு

அடுத்ததாக யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் அலுமினியக் கால் ஒன்று வாங்கினேன். மடித்தால் குடையளவுதான். "இவ்வளவு மெல்லிசாய்க் கிடக்கே?" என்று கேட்டேன். "கன பாரம் தாங்கும் அக்கா, பெட்டியிலை போட்டிருக்கு," என்றார் கடைக்காரர். பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான். காற்றைப் பற்றிப் பெட்டியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை என்பதை நான் காங்கேசன்துறைக் கடற்கரையில்தான் அறிந்தேன்.

புதுமணத் தம்பதி. பின்னால் துறைமுகம் தெரியவேணும், பொம்பிளையின் சேலைக்கரை பறக்கவேணும் என்று ஆசை. வாடைக்காற்று அந்த ஆசையைத் தேவைக்கு மேலாகவே நிறைவேற்றியது. சேலைக்கரை பறந்தது, என் கறுப்புத் துணி பறந்து போய் மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது, துருத்தி பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்தது. யோகன் ஒரு பையில் கல் நிரப்பிக் காலின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார். அந்தப் பை ஊஞ்சல் ஆடத் தொடங்கி, கமராவையும் தன்னோடு விளையாடக் கூப்பிட்டது. கடைசியில் யோகன் மணலில் குந்தியிருந்து இரண்டு கையாலும் ஒரு காலாலும் மூன்று காலையும் கட்டிப் பிடிக்க, நான் படத்தை எடுத்தேன்.

படம் வந்தது. துறைமுகம் இரண்டு, வெளிச்சவீடு இரண்டு. பொம்பிளை வந்து நெடுநேரம் பார்த்தா. அழப்போகிறாவோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன். திருப்பி எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுக்க, அவ பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னா:

"எனக்கு இரண்டு மூக்கு வந்தது பரவாயில்லை அக்கா. இவருக்கு இரண்டு வாய் வேண்டாம், இருக்கிற ஒண்டையே என்னாலை சமாளிக்கேலாமல் கிடக்கு."

கேட்டதைத் தந்த சிவம் அண்ணை

சுன்னாகத்தில் சிவம் அண்ணையின் வெல்டிங் கடை. வீட்டுக் கேற், யன்னல் கம்பி, தண்ணித்தாங்கிக்குக் கோபுரம், எல்லாம் செய்வார். அவரிடம் போய், "அண்ணை, காற்றடிச்சாலும் ஆடக்கூடாது, கை பட்டாலும் ஆடக்கூடாது, அப்பிடி மூண்டு கால் வேணும்," என்றேன். அவர் கமரா என்ன நிறை என்று கூடக் கேட்கவில்லை. "நீ போ பிள்ளை," என்றார்.

வந்தது லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில். நான் ஏதோ மணல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன். பச்சைப் பெயின்ற் அடித்த இரும்புக் குழாய்கள். குழாய் முடிகிற இடமெல்லாம் கேற்றுக்கு வைக்கிற ஈட்டி முனை. இறக்க நாலு பேர். முன்னறையில் வைத்தபோது தேவி அக்காவின் கண்ணாடி சுவரில் ஒருமுறை துள்ளியது. காற்றுக்கு அது ஆடவில்லை, ஆளுக்கும் ஆடவில்லை. ஆனால் படம் எடுக்கும்போது லென்ஸ் வாய் திறக்கிற சின்னச் சத்தத்துக்குக் கோயில் மணி அடித்து முடிந்த மாதிரி ஒரு கார்வை அந்தக் குழாய்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கார்வை ஓய்வதற்குள் படம் கெட்டுவிடும். அதைவிட, வாசலுக்கு வெளியே அதைக் கொண்டுபோகத் திரும்பவும் நாலு பேர் வேணும். இப்போது தேவி அக்கா அதில் கூறைச்சேலைகளைத் தொங்கவிடுகிறா. ஈட்டி முனைகளில் பூமாலை. சிவம் அண்ணையிடம் முறையிடப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார்:

"ஆடாத சாமான் கேட்டாய், தந்தனான். தூக்கக்கூடிய சாமான் எண்டு நீ ஒருக்காலும் கேக்கேல்லையே பிள்ளை."

வாழைக்குலை

மரத்துக்கு அந்தக் கார்வை இல்லை என்று யோகன்தான் சொன்னார். பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையிலிருந்து ஒரு இசைக்கவையைக் கொண்டுவந்து தட்டிக் காட்டியவர், மரக்கட்டையையும் தட்டிக் காட்டினார். ஒன்று பாடியது, மற்றது பேசாமல் இருந்தது. பேசாமல் இருக்கிற கால்தான் வேணும். மரக்காலுக்கு எங்கே போவது?

எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவிக்கு அடையாள அட்டைப் படம் எடுத்த பழக்கத்தில் ஒருநாள் போனேன். குசினிக்குப் பின்னால் நான் தேடியது நின்றது. தடித்த மரத்தில் மூன்று கால், மூன்றுக்கும் நுனியில் மிதித்து இறுக்க இரும்பு ஆணி, பக்கத்தில் தோல்வார். அவர் காணி அளக்கக் கொண்டுதிரிந்த கால். அதன் நடுவில் கப்பல்வாழைக் குலை ஒன்று கட்டித் தொங்கியது. குலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். குலை ஆடியது, கால் ஆடவில்லை.

கேட்டபோது அவர் உடனே தரவில்லை. மகளைக் கேட்டு வந்த பகுதியை விசாரிக்கிற மாதிரித்தான் விசாரித்தார். "மழையிலை நனைய விடுவியளோ?" "வெயிலிலை போட்டுப்போட்டுப் போவியளோ?" "ஆணியிலை மண் பிடிச்சால் துடைப்பியளோ?" நான் எல்லாவற்றுக்கும் அடக்கமாக ஓம், இல்லை என்று பதில் சொன்னேன். கடைசியில் அவருடைய குரல் தளர்ந்தது. இந்தக் காலோடு தான் நடக்காத ஊர் வலிகாமத்திலேயே இல்லை என்றார். நான் கொஞ்சம் கலங்கிப் போனேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வெளியே வந்தா.

"கொண்டுபோம் பிள்ளை, ஆனால் குலையை இறக்குமட்டும் பொறும். எனக்குத் தெரிய உது செய்த ஒரேயொரு பிரயோசனமான வேலை அதுதான்."

ஒரு முழம்

அளவுக்காலின் தலையில் இருந்த திருகாணி பெரிது, கமராவின் ஓட்டை சிறிது. சிவம் அண்ணை ஒரு வட்டத் தகடு வெட்டி இரண்டையும் பொருத்தித் தந்தார். இந்தமுறை ஈட்டி முனை வைக்கவில்லை. பரீட்சித்துப் பார்க்க எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கிற பெரிய வேப்பமரத்தை எடுக்கலாம் என்று போனோம். ஆணிகளை மிதித்து இறுக்கினேன். கூர்மை பார்க்க வசதியாக யோகன் ஒரு நீளத் தடியோடு மரத்தடியில் போய் நின்றார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எங்கள் இருவருக்கும் மூளையில் படவில்லை.

துணிக்குள் இருந்த எனக்கு ஒரு குரல் கேட்டது: "எங்கடை பக்கம் எவ்வளவு போகும்?" முன்வீட்டுக்காரர். அவருடைய மதிலில் படத்துக்குள் எவ்வளவு வரும் என்று கேட்கிறார் என்று நினைத்து, "உங்கடை மதில் முழுக்க வரும், கேற்றும் கொஞ்சம் வரும்," என்று உற்சாகமாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இடதுபக்க வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. வலதுபக்க வீட்டிலிருந்து செவ்விளநீர் வந்தது. இவ்வளவு மரியாதை எனக்கு ஊரில் கிடைத்ததேயில்லை. தலையை வெளியே எடுத்தால் ஒழுங்கை நிறையச் சனம். முன்வீட்டுக்காரர் மதிலைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அவருடைய மனைவி காணி உறுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறா.

றோட்டு அகலிக்க வரவில்லை, வேப்பமரத்தைப் படம் எடுக்க வந்தோம் என்று விளங்கப்படுத்தி முடியத் தொண்டை வறண்டுவிட்டது. இளநீர் உதவியது. சனம் கலைந்தது. மூலைவீட்டுச் சரசக்கா மட்டும் போகவில்லை. வியர்த்து, கையெல்லாம் துரு, பின்னால் அவவின் தகரவேலி ஒரு மாதிரி வளைந்து நின்றது.

"படம் எடுக்க வந்தனீங்கள் எண்டால் முதலே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதே? நான் அவசரப்பட்டு வேலியை ஒரு முழம் உள்ளுக்கு இழுத்துப்போட்டன்!"

குருநகர்

குருநகரில் பெனடிக்ற் அண்ணை புதிதாக வள்ளம் இறக்கினார். குடும்பமாக அதில் நின்று பெரிய படம் எடுக்கவேணும். கரையில் ஏற்றிவைத்து எடுப்போம் என்று நான் மன்றாடினேன். கரையில் நிற்கிறது வள்ளமா என்று அவர் கேட்டார். சேற்றில் ஆணிகள் தாழாமல் இருக்க மீன்பெட்டி மூடிகளைக் காலுக்குக் கீழே வைத்தோம். கால் மலை மாதிரி நின்றது. அண்ணை, மனைவி மேரி அக்கா, பெண்பிள்ளைகள் மூவர், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். படத்தில் இறங்குதுறைக் கல்லெல்லாம் துல்லியம். கட்டையில் இருந்த காகத்தின் அலகு துல்லியம். வள்ளம் இருந்த இடத்தில் மட்டும் ஐந்து பேருடைய புகை. மேரி அக்கா படத்தை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"எங்களை அசையாதேங்கோ எண்டு சொன்னியள், நாங்கள் நிண்டம். கடலுக்குச் சொன்னனீங்களோ தங்கச்சி?"

உவனுக்குச் சொல்லு

கனடாவிலிருந்து புவனேஸ் அக்கா ரெலிபோன் எடுத்தா. அவவின் ஊர் பண்டத்தரிப்பு. பிறந்து வளர்ந்து, பிறகு சீதனமாக அவவுக்கே வந்த வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. அவவுக்கு இருதய வருத்தம். இனி விமானம் ஏறவேண்டாம் என்று டொக்டர் மறித்துவிட்டார். "வீட்டைப் பெரிசாய் எடுத்து அனுப்பும். ஓடு ஓடாய் எண்ணிப் பார்க்கக்கூடியதாய் இருக்கவேணும். முன்னாலை எங்கடை அண்ணையும் தம்பியும் சேர்ந்து நிக்கவேணும். அவையில்லாட்டி எனக்குப் படம் வேண்டாம்," என்றா. "நிப்பினம்தானே?" என்று கேட்டேன். "நிக்கிறதுக்கு ஓம் எண்டவை. கதைக்கச் சொல்லாதையும்," என்றா.

போய்ப் பார்த்தபோது விளங்கியது. வீட்டுக்கு முன்னால் உள்ள தோட்டக்காணி இரண்டாகப் பிரிந்து, ஒருபக்கம் அண்ணன் நடராசா, மறுபக்கம் தம்பி செல்வராசா. நடுவில் இருந்த வேலி ஒரு மழைக்கு விழுந்திருக்கிறது. திரும்ப எந்த இடத்தில் போடுவது என்பதில் ஒரு சாண் நிலம் பிரச்சினை. வேலி அன்று விழுந்தது, ஒருவரோடொருவர் கதைக்கிறதும் அன்றோடு நின்றது. இருவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. முழு வீடும் படத்தில் விழுகிற மாதிரிக் கமராவை வைக்க அந்த வளவில் ஒரேயொரு இடம்தான் இருந்தது: விழுந்த வேலியின் மேல்.

நான் அளவுக்காலை விரித்ததுதான் தாமதம், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"ஆர் உங்களை அளக்கக் கூப்பிட்டது?" என்றார் நடராசா அண்ணை, தம்பியின் பக்கம் கையைக் காட்டி.

"தான் கூப்பிட்டுப்போட்டு என்னைக் காட்டுறார்," என்றார் செல்வராசா அண்ணை, என்னைப் பார்த்து.

கமராவைத் தூக்கிக் காட்டி, அக்காவின் பெயரைச் சொன்னேன். இருவரும் அடங்கினார்கள். ஆனால் தூது போகிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை.

"உவனுக்குச் சொல்லு பிள்ளை, வேட்டியை மாத்திக்கொண்டு வரட்டும்."

"அவருக்குச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் மாத்தித்தான் நிக்கிறன்."

அதற்குள் செல்வராசா அண்ணையின் கண் காலில் விழுந்தது. "ஏன் அவரின்ரை பக்கம் இரண்டு கால், என்ரை பக்கம் ஒரு கால்?" என்று கேட்டார். யோகன் கணக்கு வாத்தியார் ஆச்சே. மூன்றை இரண்டால் பிரித்தால் மீதி வரும், அந்த மீதிக் காலை எல்லையிலேயே வைத்துவிடுகிறேன் என்று காலைத் திருப்பினார். எல்லை எங்கே என்று கேட்டதும் இருவரும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். யோகன் பேசாமல் இரண்டுக்கும் நடுவில் ஆணியை மிதித்தார். நடராசா அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்து, "நாளைக்கு அந்த ஓட்டையைக் காட்டி இதுதான் எல்லை எண்டு உவன் சொல்லக்கூடாது, சொல்லிப்போட்டன்," என்றார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விறாந்தைக்குள் நிழல் ஏறிவிட்டது. இரண்டு செக்கன் திறக்கவேணும். என் கையில் இருந்ததோ இரண்டே தாள். மச்சாள் அடுத்த முறை வரும்வரைக்கும் அவ்வளவுதான். இருவரும் வாசலுக்கு அங்கால் ஒருவர், இங்கால் ஒருவராக, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடைவெளி விட்டு நின்றார்கள். கிட்ட வரச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் கிட்ட வருகிற மாதிரிப் பாவனை செய்து, நின்ற இடத்திலேயே நின்றார்கள். மங்கல் கண்ணாடியில் பார்த்தால் அந்த வீட்டில் இரண்டு வௌவால் முகம் திருப்பிக்கொண்டு தொங்குகிற மாதிரி இருந்தது. முதல் தாளை எடுத்தேன். திறந்திருந்த நேரத்தில் செல்வராசா அண்ணையின் முழங்கால் தையல் மெசின் மாதிரி ஆடியதை என் கண்ணால் கண்டேன்.

"பழுதாய்ப்போச்சு," என்றேன். "இனி ஒண்டுதான் இருக்கு. இதுவும் பழுதானால் அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"சின்னனிலை இருந்து உவனுக்கு உந்தக் கால் ஆட்டுற பழக்கம். உவனுக்குச் சொல்லு."

"நான் வேணுமெண்டே ஆட்டினனான்? அது தன்ரை பாட்டிலை ஆடுது. அவருக்குச் சொல்லுங்கோ." செல்வராசா அண்ணை முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். அது நிற்கவில்லை. அந்த மனிசர் பயந்துபோய் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தன்னால்தான் அக்காவுக்குப் படம் இல்லாமல் போகப்போகிறது என்ற பயம்.

நான் கடைசித் தாளைக் கமராவில் ஏற்றினேன். நடராசா அண்ணை அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மாட்டுவண்டி போகிற இடைவெளியைக் கடந்து வந்து, தம்பியின் பக்கத்தில் ஒட்டி நின்று, அவருடைய தோளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார். நேரே கமராவைப் பார்த்தபடி, தூது ஒன்றும் இல்லாமல், சொன்னார்:

"ஆடாமல் நில்லடா."

"ஓம் அண்ணை," என்றார் மற்றவர்.

இரண்டு செக்கன். யோகன் கூட மூச்சு விடவில்லை.

படம் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்ததும் புவனேஸ் அக்கா ரெலிபோன் எடுத்தா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாவாம். "விறாந்தைக்கு மேலை மூண்டாவது வரிசையிலை ஒரு ஓடு விலகிக் கிடக்கு. மழைக்கு முதல் மாத்தச் சொல்லி அவையிட்டைச் சொல்லும்," என்றா. பிறகு, "அண்ணை அவன்ரை தோளைப் பிடிச்ச பிடியிலை விரல் வெளிறிப்போய்க் கிடக்கு, பார்த்தனீரோ? சின்னனிலை திருவிழாச் சனத்துக்குள்ளை அவன் துலையாமல் பிடிக்கிறது உப்பிடித்தான்," என்றா. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று ரெலிபோனில் பிரித்தறிய முடியவில்லை.

ஓட்டு விசயத்தைச் சொல்ல அடுத்த கிழமை பண்டத்தரிப்புக்குப் போனேன். இரண்டு பேரும் வளவுக்குள் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலி இன்னும் விழுந்தபடியே கிடந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. செல்வராசா அண்ணை என்னைக் கண்டு வாசல் படலைக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இப்ப நல்லாய்க் கதைக்கிறம் தங்கச்சி. முந்தி அந்த ஒரு சாணுக்குச் சண்டை பிடிக்கிறதுக்கும் ஆரையேனும் தேடவேண்டிக் கிடந்தது, இப்ப நாங்களே நேரை பிடிக்கிறம்."

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கமராவை ஆடாமல் வைத்திருக்க நல்ல மரத்தில் மூன்று கால் போதும், அதற்கு முன்னால் வந்து நிற்கிற மனிசருக்கு எந்த மரத்தில் எத்தனை கால் வேணும் என்று ஒரு கடையிலும் சொல்லமாட்டார்கள்.